உங்களுக்குத் தெரியுமா? கிஷோருக்கே பின்னணி பாடிய ரஃபி!

‘ராகினி’ (1958) படத்தில் ‘மன் மோரா பாவ்ரா’ பாடலுக்கு வாயசைத்தவர் பாடகரும் நடிகருமான கிஷோர் குமார். பாடியவர் முகமது ரஃபி. கிஷோர் முறையாகச் சங்கீதம் பயிலாதவர், சாஸ்திரிய மெட்டு என்பதால்தான் இசையமைப்பாளர் ஓ.பி. நய்யார் ரஃபியை அழைத்தார் என்பார்கள். அது பாதிக் காரணம்தான். மறு ஆண்டே ‘ஷராரத்’ படத்தில், ஆலாபனைக்கு வேலையே இல்லாத ஒரு சோகப் பாட்டையும் சங்கர்–ஜெய்கிஷன் இசையில் கிஷோருக்காக ரஃபியே பாடினார். நடிக்கிறவர் பாடகரே ஆனாலும், மெட்டு கேட்கும் குரலைத்தான் இசையமைப்பாளர்கள் தேடினார்கள் என்று கொள்வதே பொருந்துகிறது. ராகம் கிஷோருக்கு எட்டாது என்ற வாதமும் நிற்காது: ‘மெஹபூபா’வில் (1976) ஆர்.டி. பர்மன் சிவரஞ்சனியில் அமைத்த ‘மேரே நைனா’வை உருகிப் பாடியவர் அவரேதான்.