மூளை அறுவை மருத்துவமும் மாணாக்கர் மனமும்

மருத்துவம் பயிலும் மாணாக்கரிடம், பிற்காலத்தில் எத்துறையை மேற்கொள்ளக் கருதுகின்றீர் என வினவினால், குழந்தை மருத்துவம், மகப்பேறு, கண், எலும்பு எனப் பலவாறு விடை வரும். மூளை நரம்பு அறுவை மருத்துவம் என்பார் மிகச் சிலரே. அத்துறையின் பெருமையை அவர்கள் அறியாதவர் அல்லர். மலைப்பே அவர்களை ஒதுங்கச் செய்கின்றது.

மலைப்புக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. எம்.பி.பி.எஸ். படிப்பு பயிற்சிக் காலத்தோடு ஐந்தரை ஆண்டுகள்; பொது அறுவையில் எம்.எஸ். 3 ஆண்டுகள், அதன்மேல் எம்.சிஎச். 3 ஆண்டுகள். இடையே நுழைவுத் தேர்வுகள் விழுங்கும் காலம் தனி. உடன் பயின்றோர் மனையறம் ஏற்றுப் பொருளும் ஈட்டத் தொடங்கிய பின்னரும் இவர் நள்ளிரவில் அறுவைக் கூடத்தில் நின்றுகொண்டிருப்பார். 'நியூரோஃபோபியா', அதாவது நரம்பியல் அச்சம் என்றொரு சொல்லை 1994-இல் அமெரிக்கப் பேராசிரியர் ரால்ஃப் யோசஃபோவிச் வழங்கினார். முதலாண்டில் கற்ற மூளையின் அமைப்பை நோயாளியின் படுக்கையருகே பொருத்திக் காண இயலாமையே இவ்வச்சத்தின் வேர் என்பது அவர் கருத்து.

இதனோடு மற்றொன்றும் உண்டு. 'தலையைத் திறந்தால் பிழைப்பது அரிது' என்னும் பேச்சு மூத்தோரிடமிருந்து இளையோர்க்கு வழிவழியாக வருகின்றது. அது வேறொரு காலத்தின் பேச்சு. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் சாண்டி 1949-இலும், சென்னை அரசு பொது மருத்துவமனையில் சீர்காழியிற் பிறந்த பா. இராமமூர்த்தி 1950-இலும் இத்துறையைத் தொடங்கியபோது சி.டி. ஸ்கேன் என்பதே உலகில் இல்லை. முதல் நோயாளிக்கு அப்படம் எடுக்கப்பட்டது 1971-இல், இலண்டன் மாநகரில்தான். அதுவரை இரத்தக் குழாயில் மருந்து செலுத்தியும், மூளை அறைகளிற் காற்றைப் புகுத்தியும் எடுத்த நிழற்படங்களைக் கொண்டே கட்டியின் இடத்தை ஊகித்தனர். இன்று சில நிமிடங்களில் இடம் தெரிகின்றது. நுண்நோக்கியும் துணை நிற்கின்றது. கருவி மாறியும் கதை மாறவில்லை.

பெண்களுக்கு இத்துறை ஆகாது என்பாரும் உளர். சென்னையைச் சேர்ந்த டி.எஸ். கனகா (1932–2018) 1968-இலேயே நரம்பறுவையிற் பட்டம் பெற்று, ஆசியாவின் முதற் பெண் நரம்பறுவை மருத்துவர்களுள் ஒருவராகத் திகழ்ந்தார். மண்டையோட்டில் சிறு துளையிட்டு, மூளையின் ஆழத்தில் உள்ள குறித்த இடத்தை அளந்து சென்றடையும் ஸ்டீரியோடாக்டிக் அறுவையில் இராமமூர்த்தி குழுவினருடன் உழைத்தவர் அவர். தம் மகளுக்கு எத்துறை ஏற்றது என ஆராயும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டிய பெயர் இது.

நம் கடப்பாக்கம் வழியே செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. தலைக்கவசமின்றி இருசக்கர வண்டியிலிருந்து விழும் இளைஞர் எழுந்து அமர்ந்து பேசுவார்; 'ஒன்றுமில்லை' என்று வீட்டுக்கும் அழைத்துச் செல்வர். சில மணி நேரத்தில் அவர் நினைவிழக்கக் கூடும். மண்டையோட்டுக்கும் மூளையின் வெளியுறைக்கும் இடையே கசிந்த இரத்தம் கட்டியாகி மூளையை அழுத்துவதே காரணம். உரிய நேரத்தில் மண்டையோட்டைத் திறந்து அக்கட்டியை அகற்றினால் அவர் முன்போல் நடமாடுவதற்குப் பெரிதும் வாய்ப்புண்டு. இத்தகைய ஒருவர் எழுந்து நடப்பதை ஒருமுறை கண்ட மாணவர், மேற்சொன்ன பழங்கதையை அவ்வளவு எளிதில் நம்பமாட்டார். ஆனால் எம்.பி.பி.எஸ். மாணவர்க்கு இத்துறையோடு வாய்க்கும் பழக்கமோ பெரும்பாலும் மிகக் குறுகியது.

விபத்தில் சிக்கியோர்க்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி, வரையறுத்த தொகைக்குள் வழங்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தை 2021 டிசம்பரில் தமிழக அரசு நம் மாவட்டத்து மேல்மருவத்தூரிலேயே தொடங்கியது. செலவுக்கு ஒரு வழி பிறந்தது. இங்கிருந்து புதுச்சேரி ஏறத்தாழ 50 கிலோமீட்டர். சென்னை அதனினும் இருமடங்கு தொலைவு. அத்தொலைவைக் கடக்கும்வரை மூளைக்குள் இரத்தக் கட்டி காத்திருப்பதில்லை.