கையில் லைசென்ஸ் இருக்கு, தோட்டா இல்லை! துப்பாக்கி சுடும் வீரர்களைத் துரத்தும் தட்டுப்பாடு... விலை ஏன் ஏறுது? எப்படிச் சமாளிப்பது?

2019-ல் மாநில அளவிலான துப்பாக்கி சுடும் போட்டி கோவையில் நடந்தது. போட்டியாளர்களில் ஒருவராக நடிகர் அஜித்குமார் வந்து நின்றதும் செய்தி தமிழ்நாடு முழுக்கப் பரவியது. "இப்படி ஒரு விளையாட்டு நம்ம ஊர்லயும் இருக்கா?" என்று கோவையிலேயே பலர் கேட்டது அப்போதுதான்.

பிள்ளையை ரைபிள் கிளப்பில் சேர்க்க நினைக்கும் பெற்றோர் முதலில் கேட்பது, "பிஸ்டல் என்ன விலை வரும்?" என்றுதான். உண்மையில் கேட்க வேண்டியது தோட்டாவைப் பற்றி. துப்பாக்கி ஒரு முறை வாங்குவது. தோட்டா வாரா வாரம் தீரும். அதுவும் காசு கொடுத்தால் உடனே கிடைக்கிற பொருள் இல்லை. உலகச் சந்தையில் விலை ஏறியிருக்கிறது, இறக்குமதிக்குக் காத்திருக்க வேண்டும், இது போக எத்தனை வாங்கலாம் என்று சட்டமே ஒரு வரம்பு வைத்திருக்கிறது.

எந்தத் துப்பாக்கிக்கு எது?

கைத்துப்பாக்கிப் போட்டிகள் எல்லாம் ஒன்றல்ல. 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் வெடிமருந்தே கிடையாது. அழுத்தப்பட்ட காற்று, 4.5 மில்லிமீட்டர் ஈய பெல்லட், அவ்வளவுதான். 25 மீட்டர் பிஸ்டல் போட்டிக்கு .22 தோட்டா வேண்டும். சென்டர் ஃபயர் பிரிவில் இந்தியாவில் பெரும்பாலும் .32. பெல்லட் ஒன்று சில ரூபாயில் முடிந்துவிடும். போட்டித் தரத்திலான .22 தோட்டா ஒன்று அதைப்போலப் பல மடங்கு. தட்டுப்பாடு என்று இங்கே பேசுவது பெரும்பாலும் .22, .32 பற்றித்தான்.

வாரத்துக்கு எத்தனை ரவுண்டு?

சாதாரண லைசென்ஸில் வருடத்துக்கு எத்தனை தோட்டா வாங்கலாம், ஒரே நேரத்தில் எத்தனை வைத்திருக்கலாம் என்று எழுதியே இருக்கும். கடைக்காரர் விற்கும் ஒவ்வொரு தோட்டாவும் கணக்கில் ஏறும். விளையாட்டு வீரர்களுக்கு மட்டும் இந்த வரம்பைத் தளர்த்தி 2020 பிப்ரவரியில் மத்திய உள்துறை அமைச்சகம் அறிவித்தது. .22 தோட்டா வருடத்துக்கு 1,000 என்று இருந்தது 5,000 ஆனது. மற்ற பிஸ்டல், ரிவால்வர் தோட்டாக்கள் 600-லிருந்து 2,000 ஆனது.

5,000 என்றால் பெரிய எண்ணிக்கை மாதிரி தெரியும். 52 வாரத்துக்கு வகுத்துப் பாருங்கள், வாரத்துக்கு 96. பெண்களுக்கான 25 மீட்டர் பிஸ்டல் போட்டி ஒன்றில் மட்டும் 60 ரவுண்டு சுட வேண்டும், இலக்கைச் சரிபார்க்கச் சுடுவது தனி. அதாவது வாரத்துக்கு ஒரு முழுப் போட்டி, மிச்சத்தில் அரைப் போட்டி. பழைய 1,000 கணக்கில் வாரத்துக்கு 19 தோட்டாதான். .32-க்கு இப்போதைய 2,000 வரம்பில்கூட வாரத்துக்கு 38-க்கு மேல் வராது.

இது சட்டம் அனுமதிக்கும் அளவு. அந்த அளவுக்குச் சரக்கு கைக்கு வருமா என்பது அடுத்த கேள்வி. இங்கதான் சிக்கல்.

எங்கிருந்து வருது?

உள்நாட்டில் .32, .315, 12 போர் போன்ற தோட்டாக்களுக்குப் பல ஆண்டுகளாக முக்கிய ஆதாரம் அரசு ஆலைகள். புனே அருகே கட்கியில் இருக்கும் வெடிமருந்துத் தொழிற்சாலை 1869-ல் தொடங்கப்பட்டது. 2021 அக்டோபர் 1-ல் பழைய ஆர்ட்னன்ஸ் ஃபேக்டரி போர்டு 7 கம்பெனிகளாகப் பிரிக்கப்பட்டபோது, கட்கி ஆலை மியூனிஷன்ஸ் இந்தியா லிமிடெட் கைக்குப் போனது. ராணுவத்துக்கும் இதே நிறுவனம்தான் வெடிபொருள் கொடுக்க வேண்டும். ராணுவ ஆர்டர் பக்கத்தில் கிளப் ஆர்டர் எவ்வளவு சின்னது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

போட்டித் தரத்திலான .22 பெரும்பாலும் வெளிநாட்டுச் சரக்கு. இங்கிலாந்தின் ஈலி, பின்லாந்தின் லாபுவா, ஜெர்மனியின் ஆர்.டபிள்யூ.எஸ். என்று சில பெயர்கள்தான். சாதாரண லைசென்ஸ்காரர் இதை நேராக வரவழைக்க முடியாது. தேசிய ரைபிள் சங்கம் மூலமாகவோ, தேசியப் போட்டியில் நிர்ணயித்த ஸ்கோரை எட்டி 'ரினவுண்ட் ஷாட்' தகுதி பெற்றவர்கள் மூலமாகவோதான் பெரும்பாலும் வரும். அனுமதிக் கடிதம், இறக்குமதி உரிமம், கப்பல், கஸ்டம்ஸ் என்று ஒவ்வொரு கட்டத்திலும் வாரங்கள் ஓடும்.

விமானத்தில் கையோடு கொண்டு வரலாமே? சர்வதேச விதிப்படி விமான நிறுவனம் சம்மதித்தால் ஒரு பயணி 5 கிலோ வரை செக்-இன் பையில் கொண்டு வரலாம். பெட்டி எடையையும் சேர்த்தால் .22 தோட்டா 1,500-ஐத் தாண்டாது. வெளிநாட்டுப் போட்டிக்குப் போகும் வீரருக்கு அது சரியாக இருக்கும், ஒரு கிளப்புக்குக் காணாது. அதற்கும் லைசென்ஸ், முன் அனுமதி எல்லாம் வேண்டும். பையில் மறந்துபோன ஒற்றைத் தோட்டாவோடு பயணிகள் சிக்கும் செய்தி கோவை விமான நிலையத்திலிருந்தே அவ்வப்போது வருகிறதே.

விலை ஏன் ஏறியது?

முதல் அடி 2020-ல். கொரோனா காலத்தில் அமெரிக்காவில் துப்பாக்கி வாங்க மக்கள் வரிசை கட்டினார்கள். அந்த ஒரு வருடத்தில் அங்கே நடந்த பின்னணிச் சோதனைகள் மட்டும் சுமார் 3.97 கோடி. தோட்டா அலமாரிகள் காலியாகின, 9 மி.மீ. தோட்டா விலை மூன்று மடங்குக்கு மேல் போனது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியதும் ஐரோப்பிய ஆலைகள் ராணுவத் தேவையை நோக்கித் திரும்பின. வீரர்கள் நம்பியிருக்கும் லாபுவாவே நாம்மோ என்ற பாதுகாப்புத் தளவாட நிறுவனத்தின் குடும்பம்தான்.

மூலப்பொருள் பக்கம் போனால் கொங்கு நாட்டுக்காரர்களுக்கு நன்கு தெரிந்த ஒன்று வந்து நிற்கும். பருத்தி! தோட்டாவுக்குள் இருக்கும் புகையில்லா வெடிமருந்தின் அடிப்படை நைட்ரோசெல்லுலோஸ். அதற்கு வேண்டிய செல்லுலோஸ் பெரும்பாலும் லிண்டரிலிருந்து வருகிறது. ஜின்னிங் மில்லில் பஞ்சைப் பிரித்த பிறகும் பருத்திக்கொட்டையில் ஒட்டிக்கொண்டிருக்குமே, அந்தப் பொடி இழைதான் லிண்டர். நம்ம ஊரில் பருத்திக்கொட்டை என்றால் ஊறவைத்து ஆட்டி மாட்டுக்கு வைப்பதுதான் ஞாபகம் வரும். ஐரோப்பாவோ லிண்டருக்குச் சீனாவைத்தான் பெரிதும் நம்பியிருக்கிறது. பீரங்கிக் குண்டுக்கும் அதே மருந்து, .22-க்கும் அதே மருந்து. போர் நடக்கும்போது யாருக்கு முதலில் போகும்?

அடுத்தது ஆன்டிமனி. ஈயத்தைக் கெட்டியாக்கவும், தோட்டாவின் பின்பக்கம் தீப்பொறி கிளப்பும் கலவையிலும் இந்த உலோகம் சேர்கிறது. 2024 செப்டம்பரில் சீனா இதன் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டதும் விலை பறந்தது. ரூபாய் மதிப்பு இறங்கினால் இறக்குமதித் தோட்டா இன்னும் கொஞ்சம் ஏறும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் வழியாக ஊட்டிக்கு மலை ரயிலில் போனால் குன்னூரைத் தாண்டி அருவங்காடு ஸ்டேஷன் வரும். அங்கே இருக்கும் கார்டைட் ஃபேக்டரி, வெள்ளைக்காரன் காலத்திலிருந்து வெடிமருந்து தயாரிக்கும் ஆலை, இப்போது அதுவும் மியூனிஷன்ஸ் இந்தியாவின் கீழ். தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் 5 முனையங்களில் கோவையும் சேலமும் இருக்கின்றன. வெடிமருந்து மலை மேலே தயாராகிறது, ராணுவத் தளவாடத் தொழிலுக்கு ஊரும் தயாராகிறது. ஆனாலும் இங்கே பயிற்சி எடுக்கும் பிள்ளை .22 டப்பாவுக்கு வெளிநாட்டுக் கப்பலைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். போட்டித் தரம் என்பது வெடிமருந்து மட்டும் இல்லை, ஆயிரமாவது தோட்டாவும் முதல் தோட்டா மாதிரியே பாய வேண்டும். அந்தச் சீரான தரத்துக்குத்தான் இவ்வளவு விலை.

அதனால்தான் வீரர்கள் 'லாட்' நம்பர் பார்த்து வாங்குவார்கள். ஒரே பிராண்டாக இருந்தாலும் ஒரு லாட் ஒரு பேரலுக்குப் பொருந்தும், இன்னொன்று பொருந்தாது. தட்டுப்பாட்டில் கிடைத்ததை வாங்கிச் சுடும்போது குண்டு தள்ளிப் போனால், தப்பு கையிலா தோட்டாவிலா என்று கண்டுபிடிப்பதே கஷ்டம். பதினாறு வயதுப் பிள்ளை அதைத் தன் தப்பு என்றே நினைத்துக்கொள்ளும். விலையை விட இந்தக் குழப்பம்தான் பயிற்சியைக் கெடுக்கும்.

சரி, எப்படிச் சமாளிக்கிறார்கள்?

முதல் வழி 'டிரை ஃபயர்'. தோட்டா இல்லாத துப்பாக்கியில் நிற்பது, குறி பார்ப்பது, டிரிக்கரை அழுத்துவது, அழுத்திய பிறகும் கை அசையாமல் பிடிப்பது. உலகத்தர வீரர்களும் பயிற்சியில் கணிசமான நேரத்தை இப்படித்தான் செலவிடுகிறார்கள். சத்தமும் உதைப்பும் இல்லாததால் டிரிக்கர் இழுக்கும்போது நடக்கும் சின்ன நடுக்கம்கூடக் கண்ணுக்குத் தெரியும். ஆனால் இரண்டு விஷயம் முக்கியம். அறையில் ஒரு தோட்டாகூட இருக்கக் கூடாது, துப்பாக்கி காலி என்று இரண்டு முறை பார்க்க வேண்டும். .22-ல் ஊசி தோட்டாவின் விளிம்பில் அடிப்பதால், காலித் துப்பாக்கியில் சும்மா அடித்தால் சில மாடல்களில் பேரல் விளிம்பு கெட்டுப்போகும். டம்மி தோட்டா போட வேண்டுமா, துப்பாக்கியிலேயே டிரை ஃபயர் வசதி இருக்கிறதா என்று கோச்சிடம் கேட்டுக்கொள்வது நல்லது. துப்பாக்கியில் சென்சார் மாட்டி, குறி எங்கே அலைகிறது என்று கம்ப்யூட்டரில் கோடு போட்டுக் காட்டும் கருவிகளும் உண்டு. விலை அதிகம் என்பதால் கிளப்பில் ஒன்று வாங்கிப் பகிர்ந்துகொள்வதுதான் கட்டுப்படியாகும்.

இரண்டாவது வழி பெல்லட். வாரத்தில் பெரும்பாலான நாள் 10 மீட்டர் ஏர் பிஸ்டல், தோட்டா கிடைக்கும் நாளில் 25 மீட்டர். மனு பாக்கர் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 10 மீட்டரில் தனிநபர், கலப்பு இரட்டையர் என 2 வெண்கலம் வாங்கிவிட்டு, 25 மீட்டரில் நான்காவதாக வந்தார். இரண்டு பிரிவையும் சேர்த்துப் பழகுவது ஒன்றும் புதுசு இல்லை. 20 ஜூல் சக்திக்குள், .177 அளவுக்குள் இருக்கும் ஏர் கன்னுக்கு ஆயுதச் சட்ட லைசென்ஸும் தேவையில்லை.

மூன்றாவது, இருக்கிற தோட்டாவைக் கணக்காகச் செலவழிப்பது. "இன்னைக்கு 60 சுட்டேன்" என்பது பயிற்சி ஆகாது. 20 ரவுண்டு, ஒவ்வொன்றுக்கும் நோட்டில் குறிப்பு என்று வைத்துக்கொண்டால் ஒரு டப்பா இரண்டு நாளுக்கு மேல் வரும். நல்ல லாட்டைப் போட்டிக்கு ஒதுக்கி, சுமாரானதைப் பயிற்சிக்கு வைப்பார்கள். சீசன் தொடங்கும் முன்பே தேவையைக் கிளப்பில் எழுதிக்கொடுத்தால், மொத்த ஆர்டரில் இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

இதை மட்டும் செய்யாதீங்க

"தெரிஞ்சவர்கிட்ட நாலு டப்பா சும்மா இருக்கு, வாங்கிக்கலாம்" என்ற பேச்சுக்கே இடம் கொடுக்கக் கூடாது. லைசென்ஸ் இல்லாதவர் கையில் தோட்டா இருந்தாலே 2 முதல் 5 ஆண்டு சிறை. 21 வயது நிரம்பாத பிள்ளைகளுக்குப் பொதுவாகச் சொந்த லைசென்ஸ் கிடையாது. கிளப் தோட்டாவை ரேஞ்சிலேயே சுட்டு, மிச்சத்தை அங்கேயே ஒப்படைத்துவிட்டு வர வேண்டும். பாக்கெட்டில் ஒன்று ஞாபகார்த்தமாக வீட்டுக்கு வந்தால்கூட வழக்குதான்.

யூடியூபில் அமெரிக்கக்காரர்கள் காலிக் கூட்டில் மருந்து நிரப்புவதைப் பார்த்துவிட்டு இங்கே முயற்சிப்பதும் ஆபத்து. .22 தோட்டாவில் தீப்பொறிக் கலவை விளிம்புக்குள்ளேயே இருப்பதால் ஒருமுறை சுட்டால் அந்தக் கூடு முடிந்தது. மற்ற தோட்டாக்களைப் பொறுத்தவரை, உரிமம் இல்லாமல் தயாரித்தால் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சம் 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் தண்டனை.

பாதுகாப்புக்காக ரிவால்வர் வைத்திருக்கும் மில் அதிபர்கள், எஸ்டேட்காரர்கள் நிலைமை வேறு. அவர்களுக்கு வருடத்துக்கு வேண்டியதே கொஞ்சம்தான். மாநகர எல்லைக்குள் கமிஷனர் ஆபீஸ், வெளியே கலெக்டர் ஆபீஸ் என்று லைசென்ஸைக் காலத்தில் புதுப்பித்தாலே பாதிப் பிரச்னை தீரும். 2019 திருத்தத்தில் லைசென்ஸ் காலம் 3-லிருந்து 5 ஆண்டாகிவிட்டதால் தேதியை மறந்துவிடுவது சுலபம். காலாவதியான லைசென்ஸுக்கு எந்தக் கடையிலும் தோட்டா தர மாட்டார்கள். காட்டுப்பன்றிக்காகத் துப்பாக்கி கேட்கும் விவசாயிகளுக்கும் ஒரு தகவல்: தமிழ்நாட்டில் 2025-ல் அறிவித்த நடைமுறைப்படி, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் பன்றியைச் சுடும் பொறுப்பு வனத்துறையினருக்குத்தான், தோட்டக்காரருக்கு இல்லை.

ஏர் பிஸ்டலிலிருந்து 25 மீட்டருக்கு மாறப்போகும் பிள்ளையின் அப்பா அம்மா, .22 பிஸ்டலுக்குப் பணம் கட்டும் முன் கிளப்பில் மூன்று விஷயம் கேட்கலாம். போன வருடம் இந்தப் பிரிவில் ஒருவருக்கு வாரத்துக்கு எத்தனை ரவுண்டு கிடைத்தது? ஒரே லாட்டில் கிடைத்ததா? அடுத்த சரக்குக்கு ஆர்டர் எப்போது போகிறது?