கைக்குள் ஒரு வானொலி நிலையம்

பள்ளி ஆண்டு விளையாட்டு விழா. மைதானத்தின் ஒரு கோடியில் ஓட்டத்தைத் தொடங்கி வைக்கும் ஆசிரியர். மறுகோடியில் நிறுத்துக் கடிகாரத்துடன் இன்னொருவர். "அடுத்த சுற்றுக்குத் தயாரா?" என்று கேட்க ஒரு மாணவர் மூச்சிரைக்க ஓடுகிறார். கைப்பேசியில் அழைத்தாலும் ஒலிபெருக்கிச் சத்தத்தில் மணி ஒலிப்பது கேட்பதில்லை. கல்விச் சுற்றுலாவிலும் இதே சிக்கல்தான். மலைப்பாதையில் முன்னே ஒரு குழு, பின்னே ஒரு குழு. இடையில் டவர் கிடைக்காது.

"நம் பள்ளிக்கு இரண்டு வாக்கி-டாக்கி வாங்கினால் என்ன?" என்ற கேள்வி இப்போது எழும். நல்ல யோசனைதான். ஆனால் அது விளையாட்டுப் பொருள் அல்ல. அலைகளை அனுப்பவும் பெறவும் கூடிய ஒரு குட்டி வானொலி நிலையம். அதைப் புரிந்துகொண்டு வாங்கினால் பள்ளியின் பணம் வீணாகாது. சட்டச் சிக்கலும் வராது.

கைப்பேசியும் வாக்கி-டாக்கியும்

இரண்டும் ரேடியோ அலைகளில்தான் இயங்குகின்றன. கைப்பேசியின் அலை முதலில் கோபுரத்துக்குச் சென்று, வலைப்பின்னல் வழியாக மற்றவரை அடைகிறது. கோபுரம் இல்லையென்றால் பேச்சும் இல்லை. வாக்கி-டாக்கியின் அலை ஒரு கருவியிலிருந்து மற்றொரு கருவிக்கு நேராகச் செல்கிறது. ஒருவர் பேசினால், அதே சேனலில் உள்ள அனைவரும் ஒரே நேரத்தில் கேட்கலாம். 2004 சுனாமியின்போது அந்தமானில் மற்ற தொடர்புகள் அறுந்த நிலையில், ஹாம் வானொலி ஆர்வலர்கள் செய்திகளைக் கொண்டு சேர்த்ததும் இந்த நேரடித் தொடர்பால்தான்.

ஒரு குறை உண்டு. ஒருவர் பேசும்போது மற்றவர் பேச முடியாது. பொத்தானை அழுத்தி, ஒரு நொடி பொறுத்துப் பேச வேண்டும். முடித்ததும் 'ஓவர்' என்று சொல்லிப் பொத்தானை விட வேண்டும். உடனே அழுத்திப் பேசினால் முதல் சொல் போய்ச் சேராது.

446 என்ற எண் சொல்வது என்ன?

கருவியின் மேல் '446 மெகாஹெர்ட்ஸ்' என்று இருந்தால், அதன் அலை நொடிக்கு 44.6 கோடி முறை அதிர்கிறது என்று பொருள். அலைநீளத்தைக் கணக்கிட எளிய வழி: 300ஐ மெகாஹெர்ட்ஸ் எண்ணால் வகுத்தால் விடை மீட்டரில் கிடைக்கும். 300 ÷ 446 என்பது ஏறத்தாழ 0.67 மீட்டர். திருச்சிராப்பள்ளி வானொலியின் மத்திய அலை 936 கிலோஹெர்ட்ஸ்; அதன் அலைநீளம் சுமார் 320 மீட்டர். வைஃபை பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளமோ 12.5 சென்டிமீட்டர்தான்.

நீண்ட அலைகள் தடைகளைச் சுற்றி வளைந்து செல்லும். அலை குறுகக் குறுக சுவர், மரம், மனித உடல் ஆகியவை அதிகம் தடுக்கும். ஆய்வகத்து வைஃபை அடுத்த கட்டடத்தில் கிடைக்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

'10 கி.மீ.' கிடைக்குமா?

அட்டைப்பெட்டியில் '10 கி.மீ. வரை' என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். தடையே இல்லாத திறந்தவெளியில், உயரமான இடத்திலிருந்து கிடைக்கும் தூரம் அது. சமதரையில் இருவர் 1.5 மீட்டர் உயரத்தில் கருவியைப் பிடித்திருந்தால், சுமார் 9 கிலோமீட்டரில் பூமியின் வளைவே குறுக்கே வந்துவிடும். நம் ஊரிலோ அதற்கு வெகு முன்பே கட்டடங்களும் மரங்களும் வந்துவிடுகின்றன. திறனை இரட்டிப்பாக்கினாலும் தூரம் இரட்டிப்பாகாது. தடையற்ற வெளியில்கூட, இருமடங்கு தூரத்துக்கு நான்கு மடங்கு திறன் தேவை. மாறாக, மாடிப்படியில் ஏறி நின்று பேசினாலே பல நேரங்களில் குரல் தெளிவாகிவிடும். வாட்டைவிட உயரம் கைகொடுக்கும்.

உரிமம் வேண்டுமா?

பலரும் கவனிக்கத் தவறுவது இதைத்தான். இந்தியாவில் 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை இயங்கும் குறைந்த திறன் வாக்கி-டாக்கிகளுக்கு, 2018ஆம் ஆண்டு விதிகளின்படி உரிமம் தேவையில்லை. இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் பல கருவிகளோ இந்த எல்லைக்கு வெளியேயும் ஒலிபரப்பக் கூடியவை. காவல், தீயணைப்பு போன்ற அவசரச் சேவைகளின் தொடர்பில் அவை குறுக்கிட வாய்ப்புண்டு. உரிமம் தேவைப்படும் கருவியை உரிமமின்றி வைத்திருப்பதே குற்றம். 'பள்ளிக்காகத்தான் வாங்கினோம்' என்பது விலக்கு ஆகாது.

உரிமம் தேவையில்லாத கருவிக்கும் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு வழங்கும் 'இ.டி.ஏ.' எனப்படும் கருவி வகை ஒப்புதல் இருக்க வேண்டும். அதிர்வெண், உரிமத் தேவை போன்ற விவரங்கள் இல்லாமல் வாக்கி-டாக்கிகள் விற்கப்படுவதாக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025இல் இணைய விற்பனைத் தளங்களுக்கு அறிவிக்கை அனுப்பியது. வழிகாட்டு நெறிமுறைகளையும் வெளியிட்டது. எனவே விளம்பரத்தை மட்டும் நம்பாமல் சான்றைக் கேட்டுப் பெறுவோம்.

குழந்தைகளின் பெயர் காற்றில் வேண்டாம்

நாம் பேசுவதை அதே சேனலில் உள்ள எவரும் கேட்கலாம். சாதாரணக் கருவிகளில் 'பிரைவசி கோடு' என்றொரு வசதி இருக்கும். அது பிறர் பேச்சு நம் கருவியில் கேட்காமல் தடுக்குமே தவிர, நம் பேச்சை மறைக்காது. சுற்றுலாவில் ஒரு குழந்தை குழுவிலிருந்து பிரிந்துவிட்டால், முழுப் பெயர், அடையாளம், நிற்கும் இடம் ஆகியவற்றைச் சொல்லி அறிவிப்பது ஆபத்தாகலாம். குழுக்களுக்கு எண் கொடுத்து, "மூன்றாம் குழுவில் ஒருவர் குறைகிறார், ஓவர்" என்று பேசுவதை முன்கூட்டியே பழகிக்கொள்வோம்.

வாங்கும் முன்

முதலில் தேவையைத் தெளிவாக்குவோம். அரங்கில் ஒருவர் பேச, அனைவரும் கேட்க வேண்டுமென்றால் தேவை கார்டுலெஸ் மைக், வாக்கி-டாக்கி அல்ல. இருபுறமும் பேச வேண்டும், தூரமும் இருக்கிறது என்றால் மட்டுமே வாக்கி-டாக்கி. பிறகு இவற்றைச் சரிபார்க்கலாம்:

1. அதிர்வெண் 446.0–446.2 மெகாஹெர்ட்ஸுக்குள் மட்டும் உள்ளதா?

2. இ.டி.ஏ. சான்றில் உள்ள மாடல் எண்ணும் கருவியில் உள்ள எண்ணும் ஒன்றா?

3. ஒருநாள் முழுக்க பேட்டரி நிற்குமா? மாற்று பேட்டரி தனியாகக் கிடைக்குமா?

4. வாங்கும் முன் நம் வளாகத்திலேயே சோதிக்க முடியுமா? ஒருவர் நுழைவாயிலில் நிற்க, இன்னொருவர் கடைசிக் கட்டடத்தின் பின்புறம் வரை பேசிக்கொண்டே நடந்து பார்த்தால் உண்மையான தூரம் தெரிந்துவிடும்.

5. ரசீதும் சான்றின் நகலும் பள்ளிப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டனவா?

வகுப்பறைக்கும் ஒரு கருவி

வாங்கிய கருவி விழா முடிந்ததும் அலமாரிக்குள் போக வேண்டாம். ஒலியின் வேகத்தைப் பாடமாக நடத்தும்போது அதை மைதானத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். 100 மீட்டர் தள்ளி ஒரு மாணவர், பேசும் பொத்தானை அழுத்தியபடி கருவியின் அருகில் பறையை ஒருமுறை அடிக்கட்டும். இந்தப் பக்கம் உள்ளவர்களுக்கு இரண்டு அடிகள் கேட்கும். முதலாவது ரேடியோ அலையில் வந்தது. அடுத்தது காற்றில் வந்தது. இடைவெளி சுமார் 0.3 நொடி.

இரண்டையும் கைப்பேசியில் பதிவு செய்து, இடைவெளியை அளந்து, 100ஐ அதனால் வகுக்கச் சொல்லுங்கள். ஒலியின் வேகத்தை மாணவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். டிஜிட்டல் கருவிகளில் குரல் சற்றுத் தாமதமாக வரும் என்பதால் இதற்கு அனலாக் கருவியே ஏற்றது. வாங்கும்போது இதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.