கூட்டத்தொடரின் கடைசி நாள்

சட்டம் பிறக்கும் இடம் – 11

2021 டிசம்பர் 24, வெள்ளிக்கிழமை. பெலகாவியில் சுவர்ண விதான சௌதாவில் குளிர்காலக் கூட்டத்தொடரின் கடைசி நாள். அங்கிருந்து சுமார் 500 கிலோமீட்டர் தள்ளி, பெங்களூரின் தெற்கு ஓரத்தில் பொம்மனஹள்ளியில் கிறிஸ்துமஸ் இரவு ஆராதனைக்கான வேலைகள். முந்தைய நாள்தான் கர்நாடக சட்டப்பேரவை மதமாற்றத் தடை மசோதாவைக் குரல் வாக்கெடுப்பில் நிறைவேற்றியிருந்தது. மேலவையும் அன்றைக்கே நிறைவேற்றிவிட்டால், ஆளுநர் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

மேலவையில் மசோதா வரவில்லை. ஆளும் பா.ஜ.க.வுக்கு அங்கே போதிய பலம் இல்லை. அடுத்த கூட்டத்தொடரில் பார்த்துக்கொள்ளலாம் என்று அரசு ஒத்திவைத்தது. பண்டிகைக்கு முந்தைய நாள் கிடைத்த இந்த அவகாசத்தைப் பலர் ஜெபத்துக்குக் கிடைத்த பதிலாகவே எடுத்துக்கொண்டார்கள். அந்த நம்பிக்கையை நான் மதிக்கிறேன். ஆனால் சட்டமன்றத்தில் ஒத்திவைப்பு என்றால் என்ன, அதற்குப் பிறகு என்ன செய்திருக்க வேண்டும் என்பதை இந்த வாரம் விரிவாகப் பேசியாக வேண்டும்.

சென்ற வாரம் தமிழ்நாட்டைப் பார்த்தோம். 2002 அக்டோபர் 5 அன்று ஜெயலலிதா அரசு கொண்டுவந்த கட்டாய மதமாற்றத் தடை அவசரச் சட்டம், அந்த மாத முடிவிலேயே பேரவையில் சட்டமானது. சிறுபான்மையினர் பள்ளி, கல்லூரிகளை மூடி உண்ணாவிரதம் இருந்தார்கள். அரசு அசையவில்லை. 2004 மக்களவைத் தேர்தலில் அ.தி.மு.க. அணி ஒரு தொகுதிகூட விடாமல் தோற்ற சில நாட்களில், மே 18 அன்று, அதே முதல்வர் அந்தச் சட்டத்தைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். அங்கே சட்டத்தை இறக்கியது தேர்தல் முடிவு. கர்நாடகத்திலும் தேர்தல் வந்தது, ஆட்சி மாறியது. சட்டம் மட்டும் இறங்கவில்லை.

பொம்மனஹள்ளியை ஏன் எடுத்துக்கொண்டேன் என்று சொல்லிவிடுகிறேன். 2007 வரை தனி நகரசபையாக இருந்து, பிறகு பெங்களூர் மாநகராட்சியோடு சேர்ந்த ஊர் இது. ஓசூர் சாலையை ஒட்டி கார்மெண்ட்ஸ் கம்பெனிகள். பேகூர் சாலை, ஹொங்கசந்திரா, கார்வேபாவிபாளையா பக்கம் ஒற்றை அறை வாடகை வீடுகள். கன்னடம், தெலுங்கு, தமிழ், இந்தி, ஒடியா எல்லாம் ஒரே தெருவில் கேட்கும். தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்தவர்கள் தலைமுறைகளாக இங்கே இருக்கிறார்கள். கிறிஸ்தவம் என்றால் இங்கே பெரிய கோபுரமுள்ள கோயில் மட்டும் அல்ல. வாடகை மாடியில், ஷட்டர் போட்ட கடை அறையில், பிளாஸ்டிக் நாற்காலி போட்டு நடக்கும் சபைகளும்தான். கூட வேலை செய்யும் அக்கா, "வாடி, ஞாயித்துக்கெழமை ஒரு தடவை வந்து பாரு" என்று கூப்பிடுவாள். அவ்வளவுதான் அங்கே அழைப்பு.

அந்த அழைப்பை மனதில் வைத்துக்கொண்டு மசோதாவைப் படியுங்கள். மதம் மாற விரும்புகிறவர் 30 நாட்களுக்கு முன்பே மாவட்ட மாஜிஸ்திரேட்டிடம் படிவம் கொடுக்க வேண்டும். மாற்றி வைக்கும் போதகரும் தனியாக 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். மாறிய பிறகு இன்னொரு படிவம். ஆட்சேபம் இருந்தால் சொல்லலாம் என்று அது அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். இரண்டு பேர் சேர்ந்து மாறினாலே "கூட்டு மதமாற்றம்". பொதுவான தண்டனை 3 முதல் 5 ஆண்டு. மாறியவர் பெண்ணாகவோ, சிறாராகவோ, பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேர்ந்தவராகவோ இருந்தால் 10 ஆண்டு வரை. குற்றம் நடக்கவில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவர் தலையில். ஜாமீனில் விட முடியாத குற்றம். மத நிறுவனம் நடத்தும் பள்ளியில் இலவசக் கல்வி, மேம்பட்ட வாழ்க்கை என்ற வாக்குறுதி ஆகியவைகூட "ஆசை காட்டுதல்" என்ற வரையறைக்குள் வருகின்றன. முன்பிருந்த மதத்துக்கே ஒருவர் திரும்பினால் மட்டும் அது மதமாற்றமே அல்ல.

இவற்றைவிட என்னைத் தடுத்து நிறுத்திய பிரிவு, யார் புகார் கொடுக்கலாம் என்று சொல்லும் 4-ஆவது பிரிவு. பெற்றோர், உடன்பிறந்தவர், உறவினர் என்று நீண்டுகொண்டே போய், சக ஊழியரிடம் முடிகிறது. ஒரே லைனில் நூற்றுக்கணக்கான பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தைக்கும் இடத்தில் இதன் பொருள் என்ன? டார்கெட் தகராறு, சீட்டுப் பணத் தகராறு, சூப்பர்வைசரோடு வாய்ச்சண்டை, எது வேண்டுமானாலும் ஒரு நாள் காவல் நிலையத்தில் மதமாற்றப் புகாராக மாறலாம். நட்பாகக் கூப்பிட்ட அக்காதான் குற்றவாளி. கூப்பிடப்பட்டவளோ, பெண் என்பதாலேயே, தன் விசுவாசத்தைத் தானே முடிவு செய்யத் தெரியாதவளாகச் சட்டத்தின் முன் நிற்கிறாள். மாதச் சம்பளம் வாங்கி வீட்டைத் தூக்கி நிறுத்துகிற பெண்ணை ஒரு மாநிலத்தின் சட்டம் இப்படிப் பார்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

மறுபக்கத்தின் பேச்சையும் சொல்லாமல் போவது நியாயமில்லை. 2021 செப்டம்பரில் ஹொசதுர்கா சட்டமன்ற உறுப்பினர் கூளிஹட்டி சேகர், தன் தாயே மதம் மாறிவிட்டதாகப் பேரவையில் எழுந்து சொன்னார். ஒரு மகனின் வேதனை அதில் இருந்தது. அந்த மாதமே மடாதிபதிகளின் குழு ஒன்று முதல்வர் பசவராஜ் பொம்மையைச் சந்தித்து, சட்டம் வேண்டும் என்று கேட்டது. பேராயர் பீட்டர் மச்சாடோ தலைமையில் கிறிஸ்தவத் தலைவர்களும் அதே முதல்வரைச் சந்தித்து, வேண்டாம் என்று மனு கொடுத்தார்கள். காவியும் வெள்ளை அங்கியும் ஒரே மாதத்தில் ஒரே அலுவலகத்தின் படியேறின. அதில் தவறேதும் இல்லை. மத நம்பிக்கை உள்ளவர்கள் அரசிடம் போய்த் தங்கள் மனதில் உள்ளதைக் கேட்பது ஜனநாயகத்தின் ஒரு பகுதி. யாருடைய கோரிக்கை மற்றவரின் மனச்சாட்சிக்குள் போலீஸை அனுப்பச் சொல்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். மிரட்டலுக்கும் மோசடிக்கும் தண்டனைச் சட்டத்தில் ஏற்கெனவே பிரிவுகள் இருக்கின்றன.

பேராயர் தரப்பு எண்களோடு போனது. கர்நாடகத்தில் கிறிஸ்தவர்களின் பங்கு 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 1.91 விழுக்காடு, 2011-இல் 1.87. கூட்டம் கூட்டமாக மாற்றுகிறார்கள் என்ற குற்றச்சாட்டுக்கு இந்த இரண்டு எண்களே பதில். டிசம்பரில் மக்கள் சிவில் உரிமைக் கழகம், அந்த ஆண்டில் மட்டும் கர்நாடகத்தில் ஜெபக்கூட்டங்கள் மீது நடந்த 39 வன்முறைச் சம்பவங்களைத் தொகுத்து அறிக்கை வெளியிட்டது.

ஆனால் பேச்சு ஒரு பக்கம் நடக்க, நாட்காட்டி இன்னொரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. கூட்டத்தொடர் தொடங்கியது டிசம்பர் 13. அமைச்சரவை ஒப்புதல் 20-ஆம் தேதி. உள்துறை அமைச்சர் ஆரக ஞானேந்திரா மசோதாவை அறிமுகம் செய்தது 21. நிறைவேறியது 23. ஒரு மனிதனின் விசுவாசத்தைத் தொடும் சட்டத்துக்கு, அவையில் வைத்த நாளிலிருந்து மூன்றே நாள். தேர்வுக் குழு இல்லை, பொதுமக்கள் கருத்துக்கேட்பு இல்லை. பெங்களூரில் உள்ளவர் நேரில் போய் ஓர் உறுப்பினரைப் பார்க்க வேண்டுமானால் ராணி சென்னம்மா எக்ஸ்பிரஸில் ஒரு ராத்திரிப் பயணம். பொம்மனஹள்ளியிலிருந்து ஒரு கார்மெண்ட்ஸ் தொழிலாளி போய்வர இரண்டு நாள் சம்பளம் போகும். கூட்டத்தொடரின் கடைசி வாரத்துக்கு மசோதாவை ஒதுக்கிவைத்தாலே, பேச வேண்டியவர்களில் பாதிப்பேர் வெளியே நின்றுவிடுவார்கள்.

23-ஆம் தேதி அவையில் நடந்த ஒன்றை இங்கே குறித்தாக வேண்டும். இந்த மசோதாவின் வேர் 2016-இல், சித்தராமையா ஆட்சியில் தயாரான வரைவில் இருக்கிறது என்றார் சட்ட அமைச்சர் மாதுசாமி. முதலில் மறுத்த சித்தராமையா, சபாநாயகர் அறையில் கோப்பைப் பார்த்த பிறகு, அமைச்சரவையின் முன் வைக்கச் சொன்னது மட்டுமே தன் செயல் என்றார். கோப்பு மேலே போக வழிவிட்ட ஒரு கையெழுத்து, ஐந்து வருடம் கழித்து எதிர்த்தரப்பின் கையில் ஆயுதமாகிறது. யாரை நம்பி மனு கொடுக்கிறோம் என்பதை அன்றைக்கே நன்றாக யோசித்திருக்கலாம்.

ஒத்திவைப்புக்குப் பிறகு? 2022 மே 12 அன்று அமைச்சரவை அவசரச் சட்டப் பாதையைப் பிடித்தது. 16-ஆம் தேதி பேராயர் குழு ஆளுநர் தாவர்சந்த் கெலாட்டைச் சந்தித்து, கையெழுத்திட வேண்டாம் என்று கேட்டது. 17-ஆம் தேதி ஆளுநர் கையெழுத்திட்டார். இதே கட்சியின் அரசு பசுவதைத் தடைச் சட்டத்தையும் இப்படித்தான் கொண்டுவந்தது: 2020 டிசம்பரில் பேரவை, 2021 ஜனவரியில் அவசரச் சட்டம், பிப்ரவரியில் மேலவை. வழி ஏற்கெனவே போட்டு வைத்த வழிதான். டிசம்பர் 24-க்கும் மே 12-க்கும் நடுவில் நாலரை மாதம் இருந்தது. 2022 செப்டம்பர் 15 அன்று மேலவையும் நிறைவேற்ற, அந்த மாத இறுதியில் அது முழுச் சட்டமானது.

2023 மே தேர்தலில் காங்கிரஸ் 135 இடங்களோடு வந்தது. ஜூன் 15 அன்று அமைச்சரவை கூடி, இந்தச் சட்டத்தை நீக்குவது என்று முடிவெடுத்தது. சட்ட அமைச்சர் எச்.கே.பாட்டீல் அறிவித்தார். ஜூலை 3-இல் தொடங்கும் கூட்டத்தொடரில் நீக்க மசோதா வரும் என்றார்கள். சபைகளில் நன்றி ஆராதனை, இனிப்பு. அந்தக் கூட்டத்தொடரில் மசோதா வரவில்லை.

மேலவையில் காங்கிரஸுக்குப் பெரும்பான்மை இல்லை, தோற்றுவிடும் என்பது அப்போது சொல்லப்பட்ட சமாதானம். இதை நான் ஏற்கவில்லை. காரணம் அரசியல் சாசனத்தின் 197-ஆவது பிரிவு. பேரவை நிறைவேற்றிய மசோதாவை மேலவை நிராகரித்தாலோ, மூன்று மாதம் கிடப்பில் போட்டாலோ, பேரவை அதே கூட்டத்தொடரிலோ அடுத்ததிலோ மீண்டும் நிறைவேற்றலாம். இரண்டாம் முறை மேலவையால் ஒரு மாதத்துக்கு மேல் தாமதப்படுத்த முடியாது. இது ஏட்டில் மட்டும் உள்ள வழி அல்ல. 2024 பிப்ரவரி 23 அன்று கோயில் வருமானம் தொடர்பான அறநிலையத் திருத்த மசோதாவை மேலவை தோற்கடித்தது. ஒரு வாரத்துக்குள் இதே அரசு பேரவையில் அதை மீண்டும் நிறைவேற்றியது. மனம் வைத்த இடத்தில் வழி தெரிகிறது. மனம் வைக்காத இடத்தில் மேலவைக் கணக்கு தெரிகிறது.

கோரிக்கை வைத்தவர்கள் மேலும் எனக்கு வருத்தம் உண்டு. அமைச்சரவை முடிவு என்பது ஒரு அறிவிப்பு. அது சட்டப் புத்தகத்திலிருந்து ஒரு எழுத்தையும் அழிப்பதில்லை. அலுவல் பட்டியலில் பெயர் வந்ததா, எந்தத் தேதி, எந்த அமைச்சர் முன்மொழிகிறார் என்று கூட்டத்தொடர் தொடங்கும் முன்பே கேட்டிருக்க வேண்டும். நன்றி ஆராதனையை ஆளுநர் கையெழுத்திட்ட பிறகு வைத்திருக்கலாம். மசோதாவைத் தடுக்க நாற்பது அமைப்புகளோடு தெருவுக்கு வந்த சபைகள், நீக்க மசோதாவைக் கேட்க அதே பலத்தோடு வரவில்லை. நண்பர்களின் ஆட்சியைத் தர்மசங்கடத்தில் மாட்டக்கூடாது என்ற தயக்கம் இருந்திருக்கலாம். அந்தத் தயக்கம்தான் ஆட்சியாளருக்கு வசதி.

பொம்மனஹள்ளிப் பெண்களுக்கு வேறொரு அனுபவம் உண்டு. 2016 ஏப்ரல் 18. பி.எஃப். பணத்தை 58 வயது வரை முழுமையாக எடுக்க முடியாது என்று மத்திய அரசு விதி மாற்றியதைக் கேள்விப்பட்டு, இங்குள்ள கார்மெண்ட்ஸ் பெண்கள் வேலையைப் போட்டுவிட்டு ஓசூர் சாலையில் உட்கார்ந்தார்கள். பெரிய தொழிற்சங்கத் தலைவர் யாரும் கூப்பிடவில்லை. மறுநாள் நகரம் முழுக்கப் பரவியது. 19-ஆம் தேதி மாலைக்குள் டெல்லி அந்த விதியைத் திரும்பப் பெற்றது. மதம், மொழி எதுவும் அன்றைக்குக் குறுக்கே வரவில்லை, ஏனென்றால் அது எல்லோருடைய பணம். 4-ஆவது பிரிவும் அப்படித்தான். சக ஊழியர் புகார் கொடுக்கலாம் என்ற விதி, லைனில் உட்கார்ந்திருக்கும் எல்லாப் பெண்ணுக்கும் எதிரானது. ஆனால் அதை அவர்களிடம் கொண்டுபோய்ச் சொன்னவர்கள் குறைவு. மனு பேராயர் இல்லத்திலிருந்து விதான சௌதாவுக்கு நேராகப் போனது, ஓசூர் சாலை வழியாகப் போகவில்லை.

நீதிமன்றத்தை நம்பலாமா என்று கேட்பார்கள். 1977-இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் மத்தியப் பிரதேச, ஒடிசா சட்டங்களைச் செல்லும் என்றது. அது இன்றுவரை அரசுகளுக்குக் கேடயம். 2012-இல் இந்திய சுவிசேஷ ஐக்கியம் தொடுத்த வழக்கில் இமாச்சல உயர் நீதிமன்றம் முன்னறிவிப்பு விதியை ரத்து செய்தது. மனதில் இருப்பதை அரசிடம் சொல்லச் சொல்லும் உரிமை அரசுக்கு இல்லை என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். 2025 ஜூலையில் கர்நாடக உயர் நீதிமன்றம் ஜமகண்டியில் ஒரு கோயிலருகே துண்டறிக்கை கொடுத்த முஸ்லிம்கள் மீதான வழக்கை ரத்து செய்தது. யாரும் மதம் மாறவில்லை, புகார் கொடுத்தவருக்கு 4-ஆவது பிரிவின்படி அந்த உரிமையும் இல்லை என்பது காரணம். நல்ல தீர்ப்பு. ஆனால் நீக்குகிறோம் என்று அரசு அறிவித்து இரண்டு ஆண்டு கழித்தும், உயிரோடு இருக்கும் சட்டமாக அதை நீதிபதி விளக்க வேண்டியிருந்தது. மேலும், புகார் கொடுத்தவர் வெளியாளாக இருந்ததால் வழக்கு விழுந்தது. பக்கத்து மெஷினில் தைக்கிறவராக இருந்திருந்தால் அந்த வாதம் நின்றிருக்காது.

மத நம்பிக்கை கொண்டவர்கள் தாங்களே ஒரு சட்டத்தைக் கேட்டு வாங்கிய கதையும் இந்த மாநிலத்தில் உண்டு. நிடுமாமிடி மடத்தின் சுவாமிகள் உள்ளிட்டோர் மூடநம்பிக்கை ஒழிப்புச் சட்டத்துக்காகத் தெருவுக்கு வந்தார்கள். 2017 நவம்பரில் பெலகாவிக் கூட்டத்தொடரில்தான் அது நிறைவேறியது. நடைமுறைக்கு வர 2020 ஜனவரி ஆனது. அந்தக் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)