பேச்சுக்கு வந்தால்தான் ஆயுத உதவி: எல் சால்வடோரில் எப்படிப் பலித்தது?

2025 மார்ச் தொடக்கத்தில் உக்ரைனுக்கான ராணுவ உதவியை அமெரிக்கா நிறுத்தியது. ஜெட்டாவில் மார்ச் 11 அன்று நடந்த பேச்சில் 30 நாள் போர்நிறுத்தத்துக்கு உக்ரைன் சம்மதித்ததும் உதவி மீண்டும் தொடங்கியது. கைகொடுப்பதை நிறுத்திப் பேச்சுக்கு அழைத்துவரும் இந்த உத்தி புதிதல்ல. மத்திய அமெரிக்க நாடான எல் சால்வடோரில் உதவிக்கு நிபந்தனை போடுவது ஒருமுறை தோற்றது, ஒருமுறை பலித்தது.

பெயரளவு நிபந்தனை

அரசுக்கும் கெரில்லாக்களுக்கும் இடையே 1980 முதல் 12 ஆண்டுகள் அங்கு நீடித்த உள்நாட்டுப் போரில் சுமார் 75,000 பேர் மாண்டனர். அரசுப் படைக்கு ஆயுதமும் பயிற்சியும் தந்தது அமெரிக்கா. மனித உரிமை நிலை மேம்படுகிறது என்று அமெரிக்க அதிபர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சான்றளித்தால்தான் உதவி என 1981-ல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டது. அந்த டிசம்பரிலேயே எல் மோசோட்டே கிராமத்தில் ராணுவம் நூற்றுக்கணக்கானோரைக் கொன்று குவித்தது. அடுத்த மாதம் அதிபர் ரீகன் சான்றளித்தார், உதவி தொடர்ந்தது.

இருபுறமும் வெட்டிய சட்டம்

1989 நவம்பரில் ஆறு இயேசு சபைக் குருக்களையும், அவர்களது சமையல்காரப் பெண்ணையும், அவருடைய மகளையும் ராணுவத்தினர் சுட்டுக்கொன்றனர். அதன் பின் 1990-ல் வந்த அமெரிக்கச் சட்டம் வேறு மாதிரியானது. 8.5 கோடி டாலர் ராணுவ உதவியில் பாதி நிறுத்திவைக்கப்பட்டது. அரசு நேர்மையாகப் பேசாவிட்டால் மீதியும் கிடையாது. கெரில்லாக்கள் பேச மறுத்தாலோ, பெருந்தாக்குதல் தொடுத்தாலோ அரசுக்கு முழுப் பணமும் போகும். பேச்சை முறிப்பவர் யாரோ, நட்டம் அவருக்கே.

1991 ஜனவரியில் கெரில்லாக்கள் அமெரிக்க ஹெலிகாப்டரை வீழ்த்தி, உயிர்தப்பிய இரு வீரர்களையும் கொன்றதால், நிறுத்திய பணத்தை விடுவிப்பதாக அதிபர் புஷ் அறிவித்தார். ஆனாலும் பேச்சு நிற்கவில்லை. ஐ.நா. நடுவராக இருக்க, 1992 ஜனவரி 16 அன்று மெக்சிகோவின் சாபுல்டெபெக் கோட்டையில் உடன்பாடு கையெழுத்தானது. ராணுவம் பாதியாகச் சுருங்கியது. கெரில்லா இயக்கம் அரசியல் கட்சியாகி, 2009-ல் தேர்தல் வழியே அதிபர் பதவியைப் பிடித்தது.

பணம் மட்டுமா காரணம்?

இல்லை. 1989-ல் கெரில்லாக்கள் தலைநகருக்குள் நடத்திய பெருந்தாக்குதல், எவராலும் வெல்ல முடியாது என்பதை இரு தரப்புக்கும் காட்டிவிட்டது. பனிப்போரும் முடிந்துகொண்டிருந்தது. களைத்துப்போன இருவரையும் பேச்சிலேயே இருத்திவைத்தது அந்தச் சட்டம்.

உக்ரைனில் அந்த நிலை இல்லை. ரஷ்யாவுக்கு அமெரிக்கா ஆயுதம் தருவதில்லை; நிறுத்துவதற்கும் ஒன்றுமில்லை. ஜெட்டா யோசனையை ரஷ்யா அப்படியே ஏற்கவும் இல்லை. உதவி பெறுபவரை மட்டும் கட்டும் நிபந்தனை, எதிராளிக்குக் காத்திருக்கவே கற்றுக்கொடுக்கும்.