கூப்பனிலிருந்து புள்ளிக்கு: 'அஸ்வெசும'வை முன்வைத்துச் சில குறிப்புகள்

'உண்மையான ஏழைக்கு மட்டும்' என்கிற சொல்லாடலை இப்போது யாரும் கேள்விக்குட்படுத்துவதில்லை. இடதுசாரி நண்பர்கள்கூட "பட்டியல் பிழை, திருத்துங்கோ" என்பதோடு நின்றுவிடுகிறார்கள். பட்டியல் என்கிற வடிவமே ஓர் அரசியல் என்பது என் வாதம்.

2022 ஏப்ரலில் இலங்கை அரசு வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது. செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ 300 கோடி டொலர் கடனுக்கு ஒப்புதல் அளித்தது. அந்த ஏற்பாட்டின் ஓர் அங்கமாகவே 'அஸ்வெசும' அதே ஆண்டு ஜூலையில் தொடங்கியது. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீடு, குடும்ப அமைப்பு என்ற ஆறு தலைப்புகளில் 22 அளவுகோல்கள். புள்ளி போட்டுக் குடும்பங்களை நான்கு வகுப்பாகப் பிரித்தார்கள். தொடக்கத்தில் மாதம் 2,500, 5,000, 8,500, 15,000 ரூபா.

இந்தக் கணக்கு வீட்டில் என்ன இருக்கிறது என்று எண்ணுகிறது. நெருக்கடியோ வீட்டிலிருந்து என்ன போய்க்கொண்டிருக்கிறது என்பது பற்றியது. கட்டட வேலைகள் நின்றுபோய் வருமானமிழந்த ஒரு மேசனை எடுத்துக்கொள்வோம். நல்ல காலத்தில் கட்டிய கல்வீடு, வாங்கின மோட்டார் சைக்கிள் எல்லாம் முற்றத்தில் தெரியும். நகை அடைவில் கிடப்பதும், இரவுச் சாப்பாடு நின்றதும் தெரியாது. "உனக்கென்ன, வீடு வாசல் இருக்குத்தானே" என்று ஊர் சொல்வதையே படிவமும் சொல்கிறது. நாட்பட்ட வறுமையை ஓரளவு அளக்கலாம். சரிவின் நடுவே ஏழையாகிக்கொண்டிருப்பவரை இந்த அளவுகோலால் பிடிக்க முடியாது.

அடுத்தது கண்காணிப்பு. விடுபட்டவர் மேன்முறையீடு செய்யலாம். தெரிவானவருக்கு எதிராகப் பிறர் ஆட்சேபனையும் தெரிவிக்கலாம். ஃபூக்கோ பேசிய அந்தப் பார்வை இங்கே அதிகாரியிடம் மட்டும் இல்லை, வேலிக்கு மேலாலும் எட்டிப் பார்க்கிறது. ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மேன்முறையீடுகள் வந்தன. ஒவ்வொன்றும் தன் இல்லாமையைத் தானே நிரூபிக்க வேண்டிய ஒரு குடும்பம்.

இதற்கு முந்தைய வரலாறு வேறு. 1942இல் யுத்தகாலத்தில் வந்த அரிசிப் பங்கீட்டுக் கூப்பன் எல்லோருக்கும் பொது. 1953இல் மானியத்தை வெட்டி, கொத்து அரிசியை 25 சதத்திலிருந்து 70 சதமாக்கியபோது ஆகஸ்ட் 12இல் ஹர்த்தால் வெடித்தது. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். அன்று நிதியமைச்சர் ஜே.ஆர். ஜயவர்த்தன. அவரே ஜனாதிபதியாக இருந்த 1979இல் கூப்பன் போய், தெரிந்தெடுத்த குடும்பங்களுக்கு உணவு முத்திரை வந்தது. விலை ஏறியது, முத்திரையின் பெறுமதி ஏறவில்லை. அதற்காக இன்னொரு ஹர்த்தால் நடக்கவில்லை. பிறகு 1989இல் ஜனசவிய, 1995இல் சமுர்த்தி.

எல்லோர் கையிலும் ஒரே கூப்பன் இருந்தவரை அரிசியின் விலை எல்லோருடைய பிரச்சினை. நான்கு வகுப்பாகப் பிரித்த பிறகு, 2023இல் பிரதேச செயலகங்களின் முன் கூடிய சனம் கேட்டது: "என்ர பேர் ஏன் இல்லை?" நியாயமான கேள்விதான். ஆனால் அது பட்டியலை ஏற்றுக்கொண்டு கேட்கிற கேள்வி.

"எல்லோருக்கும் குடுக்கக் காசு எங்க?" என்பார்கள். நிதியத்தின் நிபந்தனையே சமூகப் பாதுகாப்புக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.6 சதவீதம் என்கிற தரைமட்டம்தான். அந்த எண்ணை யார் தீர்மானித்தது என்று கேட்காமல், அதற்குள் யார் அடங்குவது என்று எங்களுக்குள் அடிபடுகிறோம். விவாதத்தை அந்த இடத்திலிருந்து தொடங்கலாம் என நினைக்கிறேன்.