சூட்டுக்கு வழி விடுங்கள்

பெட்ரோல் எரிந்து வரும் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை ஓட்டுகிறது. இன்னொரு பங்கு எக்ஸாஸ்ட் வழியாகப் புகையோடு போய்விடுகிறது. மீதி கூலன்டுக்கும் இன்ஜின் உடம்புக்கும் ஏறி, அங்கிருந்து காற்றில் கலக்கிறது. கார் கம்பெனி இந்தக் கணக்கைப் போட்டுத்தான் ரேடியேட்டரின் அளவையும் ஃபேனின் வேகத்தையும் முடிவு செய்கிறது. சக்தியைக் கூட்ட இன்ஜின் கம்ப்யூட்டரை நாம் ரீமேப் செய்யும்போது அந்தக் கணக்கு மாறிவிடுகிறது.

110 குதிரைத்திறன் டர்போ காரை 140 ஆக்குவதாக வைத்துக்கொள்வோம். கூடுதல் 30 குதிரைத்திறன் என்பது 22 கிலோவாட். அழுத்தி மிதிக்கும்போது கிட்டத்தட்ட அதே அளவு சூடு கூலன்டிலும் கூடும், எக்ஸாஸ்டிலும் கூடும். குளியலறை கீசர் ஒன்று 2 கிலோவாட். அப்படியானால், பதினொரு கீசர்களின் சூட்டை ரேடியேட்டர் மட்டுமே புதிதாகச் சமாளிக்க வேண்டும்.

ஹைதராபாத்தில் இது இன்னும் கடினம். மே மாதம் வெயில் 42 டிகிரியைத் தொடும். ஊர் கடல் மட்டத்திலிருந்து 500 மீட்டருக்கு மேல் இருப்பதால், இங்குள்ள காற்று சென்னைக் காற்றைவிடச் சுமார் 5 சதவீதம் அடர்த்தி குறைந்தது. ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் அள்ளிச் செல்லும் சூடு அந்த அளவுக்குக் குறையும். வண்டியை மாற்றியவர்கள் அவுட்டர் ரிங் ரோட்டில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து, வெப்பமானி முள் ஏறவில்லை என்று திருப்தி அடைகிறார்கள். அங்கே எதிர்க்காற்றே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. உண்மையான பரீட்சை ஹைடெக் சிட்டி நெரிசலில், ஏசி ஓட, முதல் கியரில் ஊரும்போதுதான். ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் ஏசி கண்டென்ஸரும் தன் சூட்டை அதன் மேலேயே ஊதும்.

பெரிய ரேடியேட்டர் போட்டால் தீர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். கூலன்ட் சூட்டுக்கு அது சரி. ஆனால் பானட்டுக்குள் தேங்கும் சூட்டில் பெரும்பங்கு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் டர்போவும் கக்குவது. பானட்டைத் திறந்து டர்போவை ஒட்டிய இடத்தைப் பாருங்கள். வயர்களைச் சுற்றிய டேப் தொட்டால் பொடியாக உதிரும். பிளாஸ்டிக் கிளிப் விரல் பட்டதும் உடையும். ரப்பர் ஹோஸ் ஒரு பக்கம் மட்டும் மொறமொறப்பாக இருக்கும். அந்தப் பக்கம் டர்போவைப் பார்த்த பக்கம். கதிர்வீச்சாக வரும் சூடு, கெல்வினில் அளந்த வெப்பநிலையின் நான்காம் அடுக்கில் ஏறும். 350 டிகிரி செல்சியஸில் இருக்கும் இரும்பு 700 டிகிரிக்குப் போனால், அது வீசும் சூடு இரண்டு மடங்கு ஆவதில்லை. ஏறக்குறைய ஆறு மடங்காகிறது.

ஆகவே முதல் வேலை, சூட்டைக் குழாய்க்குள்ளேயே வைத்து வெளியே அனுப்புவது. சூட்டைத் தாங்கவும் தடுக்கவும் தெரிந்த வித்தையின் உயர்ந்த வடிவத்தில் ஹைதராபாத் பேர்போன ஊர். காஞ்சன்பாக்கில் இருக்கும் டி.எம்.ஆர்.எல். என்னும் பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகம், ஹெலிகாப்டர் இன்ஜினுக்காக, கடும் சூட்டைத் தாங்கும் ஒற்றைப்படிக டர்பைன் பிளேடுகளை உருவாக்கி, 2021இல் முதல் தொகுதியாக 60 பிளேடுகளை எச்.ஏ.எல். நிறுவனத்துக்குக் கொடுத்தது. பாலாப்பூரில் உள்ள ஏ.ஆர்.சி.ஐ. ஆய்வு மையம், உலோகத்தின் மேல் ஏற்றும் வெப்பத்தடுப்புப் பூச்சுகளில் வேலை செய்கிறது. டர்பைன்களில் இதற்குப் பெயர்பெற்ற பொருள் சிர்க்கோனியா. எஃகைவிடப் பல மடங்கு மெதுவாகத்தான் அது சூட்டைக் கடத்தும். மேனிஃபோல்டுக்கு அடிக்கும் செராமிக் கோட்டிங்கின் தத்துவமும் இதுதான்.

செராமிக் கோட்டிங்குக்குச் செலவு அதிகம். அதனால் கண்ணாடியிழை நாடாவைச் சுற்றிவிடுவார்கள். சூடு குறையும், ஆனால் மழைக்காலத்தில் நாடா ஈரத்தைப் பிடித்து வைத்துக் குழாயைத் துருப்பிடிக்க வைக்கும். ஆயில் கசிந்து அதில் ஊறினால் தீப்பிடிக்கலாம். டர்போவுக்கு அதற்கென்று தைத்த உறையும், நடுவில் ஒரு விரல் அளவு காற்றிடைவெளி விட்டு நிறுத்திய அலுமினியத் தகடும் போடுவதே என் பரிந்துரை. மெக்லாரன் எஃப்1 காரில் இன்ஜின் அறைக்குள் தங்கத் தகடே ஒட்டினார்கள். கதிர்வீச்சைத் திருப்பி அனுப்புவதில் தங்கம் அவ்வளவு கெட்டி.

அடுத்தது காற்று. முன்னால் நுழையும் காற்று, ரேடியேட்டரின் ஓரச் சந்துகளில் நழுவாமல் அதன் ஊடாகவே போக வேண்டும். சந்துகளை ஃபோம் பட்டையால் அடைப்பது சில நூறு ரூபாய் வேலை, பலன் பெரிது. உள்ளே வந்த காற்றுக்கு வெளியேறவும் இடம் வேண்டும். பானட்டில் ஓட்டை போடுபவர்கள் அழகுக்காக முன்கண்ணாடிக்குப் பக்கத்தில் போடுகிறார்கள். வண்டி ஓடும்போது அங்கே காற்றழுத்தம் அதிகம், வெளியே போக வேண்டிய காற்று உள்ளேயே தள்ளப்படும். அழுத்தம் குறைவான இடம் பானட்டின் முன்பாதி. கத்தியைப் போடும் முன் இன்னொன்றையும் யோசியுங்கள். கம்பெனி பதிவு செய்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்திருக்கிறது. ஆர்.டி.ஏ. அலுவலகத்தில் கேட்காமல் வெட்டாதீர்கள்.

கம்பெனி ஏர்ஃபில்டர் பெட்டியைக் கழற்றி, பானட்டுக்குள் திறந்த கோன் ஃபில்டர் மாட்டும் பழக்கம் எனக்கு வருத்தம் தருவது. வெளியே 40 டிகிரி, பானட்டுக்குள் 70 டிகிரி என்றால், இன்ஜின் உறிஞ்சும் காற்றின் அடர்த்தி 9 சதவீதம் குறைவு. காசு கொடுத்துச் சத்தம் வாங்கி, சக்தியை விற்கிறோம்.

கூலன்டில் போர்வெல் தண்ணீர் கலக்காதீர்கள். உப்புப் படிந்து ரேடியேட்டர் குழாய் அடைத்துக்கொள்ளும். ரேடியேட்டர் மூடியையும் அலட்சியப்படுத்தாதீர்கள். 1.1 பார் மூடி, கூலன்டின் கொதிநிலையை 20 டிகிரிக்கு மேல் உயர்த்துகிறது. அதன் ரப்பர் தேய்ந்தால் பெரிய ரேடியேட்டரும் உதவாது. வண்டி சூடாக இருக்கும்போது அதைத் திறக்கவே கூடாது.

வேகமாக ஓட்டி வந்ததும் சட்டென்று அணைக்காதீர்கள். ஓட்டம் நின்றதும் கூலன்டும் காற்றும் நின்றுவிடும், டர்போவின் சூடு மட்டும் நிற்காது. அதற்குள் தேங்கிய ஆயில் கரியாகிவிடும். ஒரு நிமிடம் ஐடிலில் விட்டால் போதும். ரீமேப்புக்குக் காசு கட்டுவதற்கு முன் மூடி, ஹோஸ், ஃபேன், கூலன்ட் நான்கையும் புதுப்பியுங்கள். சக்தியை அதற்குப் பிறகு கூட்டிக்கொள்ளலாம்.